நாணயமே மூலதனம்: ஹாலிவுட்டில் ஒரு சென்னைத் தயாரிப்பாளர்

சினிமா பார்த்துவிட்டு வீடு திரும்பும் ஒருவரிடம் அந்தப் படத்தின் கதாநாயகன் யார் என்று கேட்டால், கேள்வி முடியுமுன்னே பதில் வந்துவிடும். டைரக்டர் யார், இசையமைத்தவர் யார் என்று கேட்டாலும் சற்றே யோசித்தாவது சொல்லிவிடுவார். ஆனால் அந்தப் படத்தைத் தயாரித்தவர் யார் என்று கேட்டால், யாரோ ஒரு பணக்காரர் என்பதற்கு மேல் அவருக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. பணமுள்ளவன் முடிச்சை அவிழ்க்கிறான், கலை தெரிந்தவர்கள் படமெடுக்கிறார்கள் என்ற அபிப்பிராயம் நம் மக்களிடம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த அபிப்பிராயம் எத்துணை பிழையானது என்பதை அறிய விரும்புகிறவர்கள், சினிமாத் துறையில் உற்றாரோ உறவினரோ ஒருவரும் இல்லாத அந்நிய தேசத்தில், பெரிய முதலாளிகளின் பணப்பெட்டியை நம்பாமல், நூற்றுக்கு மேற்பட்ட படங்களைத் தயாரித்து நிலைபெற்றுவிட்ட சென்னைக்காரரான அசோக் அமிர்தராஜின் வாழ்க்கையைச் சிரத்தையோடு படித்துப் பார்க்க வேண்டும்.

அந்த வாழ்க்கையில் அதிர்ஷ்டத்துக்கு இடமுண்டு, ஆனால் அதிகமில்லை. ஒரே நாளில் உச்சிக்குப் போன கதை அதில் இல்லவே இல்லை. சிறு படம் எடுத்து, சொன்ன தேதியில் சொன்ன செலவில் அதை முடித்துக் கொடுத்து, அதனால் சம்பாதித்த நம்பிக்கையைக் கொண்டு அடுத்த படத்தைச் சற்றுப் பெரிதாக எடுத்து, இவ்வாறு படிப்படியாக ஏறிய ஒரு மனிதரின் சரித்திரம் அது. சுயேச்சையான தயாரிப்பாளனுக்குப் பணத்தைக் காட்டிலும் முதன்மையான மூலதனம் நாணயமே என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வந்த விஷயம்.

பெட்டித் தொழிலும் பந்தாட்டமும்

அசோக் அமிர்தராஜ் 1956-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி சென்னையில் பிறந்தவர். தந்தை ராபர்ட் ரயில்வே உத்தியோகஸ்தர். தாயார் மாகி அமிர்தராஜ், அந்தக் காலத்து நடுத்தரக் குடும்பத்துப் பெண்களிடம் எவரும் எதிர்பாராத விதமாக, பொருள்களை அடைத்து அனுப்புவதற்கான பெட்டிகளைத் தயாரிக்கும் தொழில் ஒன்றை நடத்தியவர். ஆனந்த், விஜய், அசோக் என்ற மூன்று மகன்களையும் டென்னிஸ் ஆட்டக்காரர்களாக்குவது என்று அந்த அம்மையார் செய்துகொண்ட சங்கல்பத்துக்கு, அந்தத் தொழிலின் வருமானமே பெரும் துணையாக இருந்தது. பிற்காலத்தில், 1985-இல், பிரிட்டானியா நிறுவனத்தின் ஆதரவோடு சென்னையில் தொடங்கிய டென்னிஸ் பயிற்சித் திட்டத்தில் இளம் ஆட்டக்காரர்களைத் தம் பிள்ளைகளைப்போல் பேணிய பெருமையும் அவருக்கு உண்டு. லியாண்டர் பயஸ் அங்கே பயின்றவர்தாம்.

தொழில் என்பது காலையில் எழுந்தவுடன் தொடங்கி, சம்பளப் பட்டுவாடாவிலும், சரக்கைத் தவணைக்குள் அனுப்புவதிலும், வரவேண்டிய பாக்கியை வசூலிப்பதிலும் முடிவது என்பதை வீட்டுக்குள்ளேயே கண்டு வளரும் பாக்கியம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைப்பதில்லை; அசோக்குக்குக் கிடைத்தது. ஆட்டத்திலோ, அண்ணன் விஜய் 1973-ஆம் ஆண்டில் விம்பிள்டனிலும் அமெரிக்க ஓப்பனிலும் கால் இறுதி வரை சென்று உலகப் பிரசித்தி பெற்றார். அதற்கு மறு வருஷம் 1974-இல், தம்பி அசோக் விம்பிள்டன் இளையோர் ஒற்றையர் பிரிவில் இறுதி ஆட்டம் வரை முன்னேறி, அமெரிக்கச் சிறுவன் பில்லி மார்ட்டினிடம் தோற்றார். பின்னர் உலகக் குழு டென்னிஸ் போட்டியில் லாஸ் ஏஞ்சல்ஸ் ஸ்டிரிங்ஸ் என்ற அணிக்காக அண்ணனோடு சேர்ந்து ஆடினார். கிறிஸ் எவர்ட், இலி நஸ்டாசே போன்ற பேராட்டக்காரர்களையும் கொண்டிருந்த அந்த அணி 1978-இல் சாம்பியன் பட்டம் பெற்றது.

இந்த ஆட்டம்தான் அவரை லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. சினிமாக்காரர்களும் செல்வந்தர்களும் டென்னிஸ் பந்தை அடித்துப் பொழுதுபோக்கும் அந்த ஊரில், தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவருக்கு எந்த மாளிகையின் மைதானக் கதவும் திறக்கும். ஆனால் மைதானத்தின் கதவு திறப்பதும் அலுவலகத்தின் கதவு திறப்பதும் ஒன்றல்ல. பந்தாட வாருங்கள் என்று அழைத்தவர்களே, நான் ஒரு படம் தயாரிக்க விரும்புகிறேன் என்று இந்த இந்திய இளைஞர் சொன்னபோது, அதை ஆட்டக்காரர் ஒருவரின் ஆசைப் பேச்சாகவே எடுத்துக்கொண்டார்கள். வெள்ளையரல்லாத ஒருவர், அதிலும் இந்தியாவில் பிறந்த ஒருவர், தயாரிப்பாளர் என்ற நாற்காலியில் உட்காருவதை அன்றைய ஹாலிவுட் பார்த்துப் பழகியிருக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கம் அவருக்குக் கதைகளைச் சுமந்துகொண்டு வாசல் வாசலாக ஏறி இறங்கிய காலமாகவே கழிந்தது.

வந்தேறிகள் கட்டிய ஊர்

ஒரு விசித்திரம் என்னவென்றால், அவரை அந்நியராகப் பார்த்த அந்த ஊரே அந்நியர்களால் கட்டப்பட்டது. ஜெர்மனியின் லௌப்ஹைம் என்ற சிற்றூரிலிருந்து அமெரிக்கா போய், ஆஷ்காஷ் நகரத்துத் துணிக்கடை ஒன்றில் மேனேஜராக இருந்த கார்ல் லெம்லி என்பவர்தாம், 1906-இல் சிகாகோவில் சிறு சினிமாக் கொட்டகை ஒன்றைத் திறந்து, 1912-இல் யூனிவர்சல் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். பாரமௌண்டை வளர்த்த அடால்ப் சூகர் ஹங்கேரியிலிருந்து வந்து விலங்கு ரோமத் தோல் வியாபாரம் செய்தவர். வார்சா நகரில் பிறந்து, அமெரிக்காவில் கையுறை விற்ற சாமுவேல் கோல்ட்வின், கூட்டாளிகளோடெல்லாம் பிணங்கிப் பிரிந்து, 1923-இலிருந்து தன்னந்தனியாகப் படமெடுத்து, சுயேச்சைத் தயாரிப்பாளர் என்பதற்கே இலக்கணமாக விளங்கினார்.

துணியும் ரோமமும் கையுறையும் விற்ற இவர்களுக்குச் சினிமாக் கலை தெரிந்திருந்ததோ இல்லையோ, வியாபாரம் தெரிந்திருந்தது. எடிசனும் அவருடைய கூட்டாளிகளும் 1908-இல் காப்புரிமைகளை ஒன்றுதிரட்டிக் கம்பெனி அமைத்து, தங்கள் உத்தரவின்றி எவரும் படமெடுக்கக் கூடாது என்று கட்டளையிட்டபோது, அதை எதிர்த்து நீதிமன்றத்தில் வழக்குமேல் வழக்காகச் சந்தித்தவர் லெம்லி. 1915-இல் அந்தக் கூட்டு சட்டவிரோதமானது என்று தீர்ப்பாயிற்று. ஆனால் காலப்போக்கில் அந்தக் கலகக்காரர்களே பெரிய ஸ்டுடியோக்களின் அதிபதிகளாகி, புதிதாக வருகிறவர்களுக்குத் தங்கள் கதவைச் சாத்தினார்கள். ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் வெளியிலிருந்து வந்த எவராவது, ஸ்டுடியோக்களின் பணத்தை எதிர்பாராமல் படமெடுப்பதற்கு ஒரு புது வழியைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் அப்படிக் கண்டுபிடித்தவர்கள் இத்தாலியரான டீனோ டி லாரன்டிஸ், இஸ்ரேலியர்களான மெனகெம் கோலனும் யோராம் குளோபஸும், லெபனானில் பிறந்த மாரியோ கசாரும் ஹங்கேரியில் பிறந்த ஆண்ட்ரூ வாய்னாவும் ஆவர். அமிர்தராஜ் காலெடுத்து வைத்தது இவர்கள் நடந்து பதமாக்கிய பாதையில்தான்.

ஏரியா வியாபாரம்

அந்தப் பாதை எது என்பதைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு விளக்குவது கடினமன்று; ஏனெனில் கோடம்பாக்கம் அதைத் தன் போக்கில் வெகுகாலமாக அனுஷ்டித்து வந்திருக்கிறது. இந்தக் கட்டுரை எழுதப்படும் செஞ்சியையே எடுத்துக்கொள்வோம். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளைச் சுவரால் இணைத்து நிற்கும் கோட்டையும், அதை ஆண்ட தேசிங்கு ராஜனின் வீரமும் 1960-இல் எம்.ஜி.ஆர். நடித்த 'ராஜா தேசிங்கு' என்ற படமாக வெளிவந்தன என்பதை இவ்வூர்ப் பெரியவர்கள் அபிமானத்தோடு நினைவுகூர்வார்கள். ஆனால் சினிமா வியாபாரிகளின் கணக்கில் செஞ்சிக்கு வேறொரு விலாசம் உண்டு. அது என்.எஸ்.சி. ஏரியாவில் ஓர் ஊர். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு என்ற பழைய மூன்று ஜில்லாக்களைச் சேர்த்து வியாபாரிகள் வைத்த பெயர் அது. 1993-இல் தென் ஆற்காடு பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமான பிறகும், சினிமா உலகம் அந்தப் பழைய எல்லையை மாற்றிக்கொள்ளவில்லை. சென்னை நகரம், கோவை, சேலம், மதுரை–ராமநாதபுரம், திருச்சி–தஞ்சாவூர், திருநெல்வேலி–கன்னியாகுமரி என்று மற்ற ஏரியாக்களும் அவ்வாறே.

படச்சுருள் காலத்தில், படம் தொடங்கும்போதோ பாதியில் நிற்கும்போதோ, ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு விநியோகஸ்தர் வந்து, மினிமம் காரண்டி என்ற பெயரில் ஒரு தொகைக்குப் பேசி, அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போவார். காட்டில் நிற்கும் மல்லாட்டையைப் பிடுங்குவதற்கு முன்பே வியாபாரி விலை பேசி முன்பணம் கொடுப்பது போன்றதுதான் இது. அந்த அட்வான்ஸ் தொகைகளையும், பைனான்சியரிடம் வட்டிக்கு வாங்கிய தொகையையும் கொண்டு தயாரிப்பாளர் படத்தை முடிப்பார். கடன் கொடுத்தவருக்குப் பாதுகாப்பாக, படத்தின் நெகடிவை அவருடைய அனுமதியின்றி வெளியே விடமாட்டோம் என்று லேபரட்டரி எழுதிக் கொடுக்கும் லேப் லெட்டர் இருக்கும். படம் வெளிவருவதற்கு முந்திய இரவு, லேபில் உட்கார்ந்து, ஒவ்வொரு பைனான்சியரின் கணக்கையும் நேர்செய்து, கடைசிக் கையெழுத்து விழுந்த பிறகே படச்சுருள் அடங்கிய பெட்டிகள் பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறும். மறுநாள் காலை செஞ்சியிலும் திண்டிவனத்திலும் திருவண்ணாமலையிலும் தியேட்டர் வாசலில் கூடியிருந்த ஜனங்கள், பெட்டி வந்தாச்சா என்று கேட்ட கேள்விக்குப் பின்னால், முந்திய இரவு முழுவதும் கண் மூடாத ஒரு தயாரிப்பாளர் இருந்திருக்கிறார்.

இதையே உலக அளவில் செய்ததுதான் மேலே சொன்ன வந்தேறித் தயாரிப்பாளர்கள் கண்டுபிடித்த வழி. அவர்களுக்கு ஜெர்மனி ஓர் ஏரியா, ஜப்பான் ஓர் ஏரியா, ஸ்பெயின் ஓர் ஏரியா. வருஷந்தோறும் மே மாதத்தில் பிரான்ஸின் கான் நகரில் பட விழா நடக்கும்போது, விழாவுக்குப் பக்கத்திலேயே ஒரு சந்தையும் நடக்கும். 1981-இலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் அமெரிக்கப் படச் சந்தை என்ற மற்றொன்றும் கூடிவந்தது. சாண்டா மோனிகாவின் கடற்கரை ஓட்டலில் அந்தச் சந்தை நடந்த வருஷங்களில், அறைகளிலிருந்து கட்டில்களையெல்லாம் அகற்றிவிட்டு மேஜை நாற்காலி போட்டு, ஒவ்வொரு அறையையும் ஒரு கம்பெனியின் கடையாக்கிவிடுவார்கள். சுவரில் ஒரு சுவரொட்டி இருக்கும். அதில் ஒரு நடிகரின் முகமும் ஒரு தலைப்பும் இருக்கும். படம் இன்னும் எடுக்கப்பட்டிருக்காது. கதைச் சுருக்கத்தைப் படித்து, நடிகரின் பெயருக்குத் தம் நாட்டில் என்ன மதிப்பு என்று மனக்கணக்குப் போட்டு, வெளிநாட்டு வியாபாரி ஒருவர் தம் தேசத்துக்கான உரிமையை ஒரு தொகைக்குப் பேசி முடிப்பார். ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ முன்பணம். மீதி, முடிந்த படத்தை ஒப்படைக்கும் நாளில்.

அந்த ஒப்பந்தங்களைத்தான் தயாரிப்பாளர் வங்கிக்கு எடுத்துச் செல்கிறார். பிரான்ஸ் ஆப்மன் என்ற டச்சு வங்கியாளர் இத்தகைய ஒப்பந்தக் காகிதங்களை ஈடாக வைத்துக்கொண்டு கடன் கொடுக்கும் முறையைப் பிரபலமாக்கினார். வங்கியின் அச்சம் ஒன்றே ஒன்றுதான்: படம் பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது? அதற்காக, படத்தை முடித்துக் கொடுப்பதற்குப் பொறுப்பேற்கும் உத்தரவாதக் கம்பெனி ஒன்று இடையில் வரும். செலவு எல்லை மீறினால் அது படப்பிடிப்பையே தன் கைக்கு எடுத்துக்கொள்ளும். அப்படி ஒருமுறை நேர்ந்துவிட்ட தயாரிப்பாளருக்கு அடுத்த முறை உத்தரவாதம் கிடைப்பது துர்லபம். ஆகவே இந்த அமைப்பு முழுவதும், இன்னார் சொன்னால் சொன்னபடி முடித்துக் கொடுப்பார் என்ற ஒரே நம்பிக்கையின்மேல் நிற்கிறது. அமிர்தராஜ் இருபது வருஷம் பாடுபட்டுச் சேர்த்த சொத்து அந்த நம்பிக்கைதான்.

நிஞ்ஜாவிலிருந்து இரட்டை வேடம் வரை

எண்பதுகளில் அமெரிக்காவின் தெருக்களிலெல்லாம் வீடியோ காஸெட்டை வாடகைக்கு விடும் கடைகள் முளைத்தன. அந்தக் கடைகளின் அலமாரிகளை நிரப்புவதற்குப் பெரிய ஸ்டுடியோக்களின் படங்கள் போதவில்லை. சண்டையும் சாகசமும் நிறைந்த சிறு முதலீட்டுப் படங்களுக்குத் திடீரென்று கிராக்கி உண்டாயிற்று. அமிர்தராஜ் அந்த வாசல் வழியாகவே சினிமாவில் பிரவேசித்தார். ஜப்பானிய நடிகர் ஷோ கொசுகி நடித்து 1985-இல் வெளிவந்த 'நைன் டெத்ஸ் ஆப் தி நிஞ்ஜா' அவருடைய ஆரம்பகாலப் படங்களில் ஒன்று. விமர்சகர்கள் கொண்டாடுவதற்குரிய படமல்ல அது. அப்படி அவரும் எண்ணியிருக்க மாட்டார். ஆனால் எடுத்த படத்தை முடிக்கவும் முடித்த படத்தை விற்கவும் தெரிந்தவர் என்பதற்கு அது அத்தாட்சியாயிற்று. இலக்கியத் தரமான படத்தோடுதான் என் பெயர் திரையில் வரவேண்டும் என்று காத்திருந்து காலத்தைக் கழித்துவிடுகிற இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கீழ்ப்படியில் கால் வைப்பதை அவமானமாக அவர் கருதவில்லை.

1991-இல் வந்த 'டபுள் இம்பாக்ட்' அவருக்குத் திருப்புமுனை. பெல்ஜியத்திலிருந்து வந்த ழான் குளோட் வான் டாம் அதில் இரட்டையராக நடித்தார். கைக்குழந்தைகளாக இருக்கும்போது பிரிந்துபோன இரு சகோதரர்கள், ஒருவர் செல்லமாகவும் மற்றவர் முரட்டுத்தனமாகவும் வளர்ந்து, பெற்றோரைக் கொன்றவர்களைப் பழிவாங்க ஹாங்காங்கில் ஒன்றுசேரும் கதை. இந்தக் கதையை நம் ஊர்க் கொட்டகையில் மண் தரையில் உட்கார்ந்து படம் பார்த்த எந்தப் பாட்டியிடமும் புதிதென்று சொல்லிவிட முடியாது. இரட்டை வேடம் என்பது தமிழ் ரசிகர்களுக்குத் தாய்ப்பாலோடு ஊட்டப்பட்ட விஷயம். கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட அந்தப் படம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 3 கோடி டாலர் வசூலித்தது. பெரிய ஸ்டுடியோக்கள் அவருடைய தொலைபேசிக்குப் பதில் சொல்லத் தொடங்கிய காலம் அதுவே எனலாம்.

வந்த புகழோடு அவர் பிறந்த மண்ணை மறந்துவிடவில்லை. 1998 ஏப்ரலில் வெளியான 'ஜீன்ஸ்' படத்தின் தயாரிப்பில் அவருக்குப் பங்கு உண்டு. ஷங்கர் இயக்கி, ஏ.ஆர். ரகுமான் இசையமைத்து, பிரசாந்தும் ஐஸ்வர்யா ராயும் நடித்த அந்தப் படம், அக்காலத்தில் இந்தியாவில் மிகப் பெரும் செலவில் எடுக்கப்பட்ட படங்களுள் ஒன்று. ஒரு பாட்டுக்காக உலகின் ஏழு அதிசயங்களின் முன்னிலையில் படம் பிடித்தார்கள். அந்த ஆண்டு ஆஸ்கார் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அதிகாரபூர்வமாக அனுப்பப்பட்ட படமும் அதுவே. அதிலும் பிரசாந்துக்கு இரட்டை வேடம்.

ஹைட் பார்க் என்ற ஸ்தாபனம்

1999-இல் அவர் ஹைட் பார்க் என்டர்டெயின்மெண்ட் என்ற தம் கம்பெனியைத் தொடங்கினார். பெரிய ஸ்டுடியோவின் ஊழியராக அமராமலும், ஸ்டுடியோக்களைப் பகைத்துக்கொள்ளாமலும், செலவில் ஒரு பகுதியைத் தாம் திரட்டி, வெளிநாட்டு உரிமைகளைத் தாம் வைத்துக்கொண்டு, அமெரிக்க வெளியீட்டை ஸ்டுடியோவிடம் விடும் முறையை அவர் கைக்கொண்டார். நஷ்டத்தில் பங்கு தருகிறவர் லாபத்திலும் பங்கு கேட்க உரிமை பெறுகிறார். கதையைத் தேர்ந்தெடுப்பதிலும் அவருடைய வார்த்தைக்கு மதிப்பு ஏற்படுகிறது. சம்பளம் வாங்கும் தயாரிப்பாளருக்கும் சுயேச்சைத் தயாரிப்பாளருக்கும் உள்ள வேறுபாடு இதில்தான் இருக்கிறது.

2001-இல் பாரி லெவின்சன் இயக்கிய 'பாண்டிட்ஸ்' வந்தது. புரூஸ் வில்லிஸும் கேட் பிளான்செட்டும் நடித்தார்கள். 2003-இல் ஸ்டீவ் மார்ட்டினும் குயீன் லத்தீபாவும் நடித்த 'பிரிங்கிங் டவுன் தி ஹவுஸ்' என்ற நகைச்சுவைப் படம் அமெரிக்காவில் 13 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. சுமார் 3 கோடியே 30 லட்சம் டாலர் செலவில் எடுத்த படத்துக்கு அது அபாரமான வெற்றி. அதன் பிறகு 'வாக்கிங் டால்', 'ரெய்சிங் ஹெலன்', 'ஷாப்கேர்ள்', சாண்ட்ரா புல்லக் நடித்த 'பிரிமனிஷன்' என்று வரிசையாக வந்தன. எல்லாம் வெற்றியல்ல. 2009-இல் வந்த 'ஸ்ட்ரீட் பைட்டர்' படத்தை விமர்சகர்களும் கைவிட்டார்கள், ஜனங்களும் கைவிட்டார்கள். ஒரு படம் விழுந்தவுடன் கடையை மூடிவிட்டுப் போகும் தயாரிப்பாளர்களைக் கோடம்பாக்கத்தில் நாம் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறோம். தோல்வியைத் தாங்கும்படி முதலிலேயே உரிமைகளைப் பிரித்து விற்றிருப்பவர் விழுந்தாலும் எழுந்துகொள்கிறார்.

அவர் தயாரித்த படங்களில் இவ்வாசிரியனின் மதிப்பில் உயர்ந்து நிற்பது, 2014-ஆம் ஆண்டு வெனிஸ் விழாவின் போட்டிப் பிரிவில் காட்டப்பட்ட '99 ஹோம்ஸ்' என்ற படம். ஈரானிய வம்சாவளியினரான ராமின் பஹ்ரானி இயக்கியது. வீட்டுக் கடனைக் கட்டமுடியாமல், பிறந்து வளர்ந்த வீட்டிலிருந்து தாயோடும் மகனோடும் தெருவுக்குத் தள்ளப்படும் கட்டடத் தொழிலாளி ஒருவன், பிழைப்புக்கு வேறு வழியின்றி, தன்னை வெளியேற்றியவனிடமே வேலைக்குச் சேர்ந்து, பிறரை வெளியேற்றும் காரியத்தைச் செய்யத் தலைப்படுகிறான். போலீஸ்காரர் வாசலில் நிற்க, இரண்டு நிமிஷ அவகாசத்தில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்று தெரியாமல் ஒரு குடும்பம் வீட்டுக்குள் ஓடி அலையும் காட்சியைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். நிஞ்ஜாப் படத்தில் தொடங்கியவர் இத்தகைய படத்துக்குப் பணம் திரட்டும் நிலைக்கு வந்ததுதான் உண்மையான உயர்வு. முந்திய படங்கள் ஈட்டித் தந்த நாணயத்தை, சந்தையில் எளிதில் விலைபோகாத ஒரு நல்ல கதைக்காக அவர் செலவிட்டார்.

2013-இல் 'அட்வாண்டேஜ் ஹாலிவுட்' என்ற தலைப்பில் தம் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். 2016-இல் ஐக்கிய நாடுகள் சபையின் இந்திய அலுவலகம் நீடித்த வளர்ச்சிக்கான இலக்குகளுக்கு அவரை நல்லெண்ணத் தூதராக நியமித்தது.

மதுரையிலிருந்து கொழும்புக்கு

கடல் கடந்து சென்று படமெடுத்த தமிழர்களில் அமிர்தராஜ் முதல்வரல்லர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். மதுரைத் தமிழரான எஸ்.எம். நாயகம் இலங்கையில் வியாபாரம் செய்து, சிங்கள மொழியின் முதல் பேசும் படமான 'கடவுணு பொரொந்துவ'வைத் தயாரித்தார். மதுரை சித்ரகலா மூவிடோன் ஸ்டுடியோவில், வங்காளியான ஜோதிஷ் சிங்கின் டைரக்‌ஷனில், பி.ஏ.டபிள்யூ. ஜயமான்னவின் நாடகக் குழுவினரும் ருக்மணி தேவியும் நடித்து உருவான அந்தப் படம், 1947 ஜனவரி 21-ஆம் தேதி கொழும்பு கொட்டாஞ்சேனையில் வெளியாயிற்று. ஒரு தேசத்தின் மொழியில் முதல் பேசும் படம், அயலார் ஒருவரின் துணிச்சலால், அயலூர் ஒன்றில் பிறந்தது. நாயகம் அத்தோடு நில்லாமல், கந்தானையில் ஸ்டுடியோவையும் நிறுவி, சிங்களப் படங்கள் சொந்த மண்ணிலேயே உருவாக வழிசெய்தார்.

அதே இலங்கையில், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'சந்தேசய' உள்ளிட்ட படங்களைத் தயாரித்த தமிழரான கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்டுடியோ, 1983 ஜூலை இனக் கலவரத்தில் தீக்கிரையாயிற்று. பிறருடைய பாஷையில் பிறருடைய கதையைப் படமாக்கி, அந்த மக்களின் கலையை வளர்க்கும் சிறுபான்மைத் தயாரிப்பாளருக்குச் சொந்தமானது எதுவும் எந்நேரத்திலும் எரிந்துபோகலாம் என்பதை அந்த நெருப்பு காட்டியது. வெளியூரில் தொழில் செய்கிறவர்கள் கட்டடத்தைவிட நற்பெயரைப் பெரிதாகப் போற்றுவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.

நம் இளைஞர்களுக்கு

செஞ்சியிலிருந்தும், வல்லம் போன்ற சுற்றுப்புறத்துக் கிராமங்களிலிருந்தும் சினிமாக் கனவோடு பஸ் ஏறுகிற இளைஞர்களில், நடிகனாக வேண்டும் என்பவர் பலர்; டைரக்டராக வேண்டும் என்பவர் அதற்கடுத்தபடி; தயாரிப்பாளனாக வேண்டும் என்று புறப்படுகிறவன் ஆயிரத்தில் ஒருவன்கூட இல்லை. கையில் பணமில்லையே, நான் எப்படித் தயாரிப்பது என்று ஒவ்வொருவனும் கேட்கிறான். தயாரிப்பு என்பது பணம் வைத்திருப்பதல்ல. பிறருடைய பணத்துக்கும் பிறருடைய திறமைக்கும் பிறருடைய காலத்துக்கும் பொறுப்பேற்பது என்பதை அவனுக்கு எவரும் எடுத்துச் சொல்வதில்லை. அமெரிக்காவின் தெற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் தயாரிப்பைக் கற்பிப்பதற்கென்றே பீட்டர் ஸ்டார்க் பெயரால் ஒரு முதுகலைப் படிப்பு பல பதிற்றாண்டுகளாக நடந்துவருகிறது. தரமணியில் இருக்கும் நம் அரசினர் திரைப்படக் கல்லூரி, ஒளிப்பதிவுக்கும் எடிட்டிங்குக்கும் இயக்கத்துக்கும் தந்திருக்கும் கௌரவத்தைத் தயாரிப்புக்கும் தந்து, பட்ஜெட் போடுவது, ஒப்பந்தம் எழுதுவது, உரிமைகளைப் பிரித்து விற்பது, கணக்குக் காட்டுவது ஆகியவற்றை முறையாகக் கற்பிக்க வேண்டும் என்று இந்தக் கட்டுரையின் வாயிலாக அரசினரைக் கேட்டுக்கொள்கிறோம்.

பெட்டி போய்ப் படம் கம்ப்யூட்டர் வழியாகத் தியேட்டருக்கு வரும் காலம் இது. ஏரியாக்களோடு சாட்டிலைட் உரிமை, ஓ.டி.டி. உரிமை, வெளிநாட்டு உரிமை என்று புதிய வாங்குபவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். வாங்குபவர்கள் மாறினாலும் அவர்கள் முதலில் கேட்கும் கேள்வி மாறவில்லை: இதற்கு முன் ஒப்புக்கொண்டதை ஒப்புக்கொண்டபடி முடித்துக் கொடுத்திருக்கிறாரா? அந்தக் கேள்விக்கு ஆம் என்ற பதிலைச் சம்பாதித்துக்கொள்ளும் வரை சிறு படமானாலும் சிரத்தையோடு எடுங்கள். எவருடைய பாக்கியையும் வைத்துக்கொண்டு அடுத்த பூஜை போடாதீர்கள். கூலிக்கு வந்த லைட்மேனின் பேட்டாவைக் கடைசி நாளில் கடன் சொல்லாதீர்கள். இவ்வளவையும் கடைப்பிடிக்கிறவனுக்குச் செஞ்சியிலிருந்து புறப்பட்டாலும் பணம் தேடிக்கொண்டு வரும். இவற்றைக் கைவிட்டவனுக்குக் கோடிகள் கையிலிருந்தாலும் இரண்டாவது படம் கிடையாது.